குழந்தை எப்போது முகம் பார்க்கும்? முதல் வருடத்தின் கண்பார்வைக்கு ஒரு வழிகாட்டி

குழந்தை பிறந்த வீட்டில் முதல் மாதம் முழுக்க ஒரு கேள்வி சுற்றிக்கொண்டே இருக்கும்: "முகம் பார்க்க ஆரம்பிச்சாச்சா?" பால் குடிக்கிறதா, தூங்குகிறதா என்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிடலாம். இதற்கு மட்டும் புதிதாகப் பெற்றவர்களுக்குப் பதில் தெரியாது. குழந்தை நம்மைப் பார்ப்பது போலவும் இருக்கும், நம் தலைக்குப் பின்னால் உள்ள சுவரைப் பார்ப்பது போலவும் இருக்கும். என் மகள் பிறந்த பதினெட்டாவது நாள், அவள் கண்கள் இரண்டும் ஒருசேர மூக்குப் பக்கம் போய் நின்றதைப் பார்த்துப் பதறி, ராத்திரி இரண்டு மணிக்கு மருத்துவமனைக்குப் போன் போட்டேன். எடுத்த நர்ஸ் சிரிக்கவில்லை. "எத்தனை வாரம் ஆகுது?" என்று மட்டும் கேட்டார்.

அதுதான் கேட்க வேண்டிய கேள்வி என்று பிறகு புரிந்தது. மூன்றாவது வாரத்தில் கண் அலைபாய்ந்தால் கவலை இல்லை. அதையே ஐந்தாவது மாதத்தில் செய்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியையும் வயது வாரியாகவே எழுதுகிறேன்: குழந்தைக்கு அப்போது என்ன தெரியும், நீங்கள் என்ன செய்யலாம், வீட்டிலேயே எதைச் சோதித்துப் பார்க்கலாம், எதற்கு உடனே கிளம்ப வேண்டும்.

முதலில் வயதுக் கணக்கைச் சரிசெய்யுங்கள்

குழந்தை நிறைமாதத்தில் பிறந்திருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

குறைமாதக் குழந்தை என்றால், கீழே வரும் வயதையெல்லாம் பிறந்த தேதியிலிருந்து எண்ணாதீர்கள். பிரசவத்துக்கு மருத்துவர் குறித்துக் கொடுத்திருந்த தேதியிலிருந்து எண்ணுங்கள். எட்டு வாரம் முந்திப் பிறந்த குழந்தை ஆறாவது வாரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கவில்லையே என்று கலங்க வேண்டாம். அதற்கு அந்த நாள் பதினான்காவது வாரத்தை ஒட்டித்தான் வரும். சீக்கிரம் வெளியே வந்துவிட்டதால் மூளையும் விழித்திரையும் சீக்கிரம் வளர்ந்துவிடுவதில்லை.

இந்தக் குழந்தைகளுக்குக் கூடுதலாக ஒரு பரிசோதனை உண்டு. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் ஓரம்வரை படர்ந்து முடிக்கின்றன. முந்திப் பிறந்தால் அந்த வேலை பாதியில் நிற்கும். பிறகு சில குழந்தைகளுக்கு அவை தாறுமாறாக வளர்ந்து, விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். 1942ல் பாஸ்டனில் டெர்ரி என்ற கண்மருத்துவர்தான் இதை முதலில் விவரித்தார். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குறைமாதக் குழந்தைகளின் பார்வை இதனால் போனது. உயிர் காக்க என்று அளவில்லாமல் கொடுத்த ஆக்சிஜனும் ஒரு காரணம் என்பது 1950களில்தான் உறுதியானது. இப்போது ஆக்சிஜனை அளந்து கொடுக்கிறார்கள், உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் சிகிச்சையும் இருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் கண் நன்றாகத்தான் தெரியும். மருத்துவர் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தால்தான் உண்டு. எந்த எடைக்குக் கீழே, எத்தனை வாரத்துக்குக் கீழே இந்தப் பரிசோதனை வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிறந்து நான்கு வாரத்தை ஒட்டி முதல் பரிசோதனை நடக்கும். வீட்டுக்கு அனுப்பும்போதே தேதியைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "எடை நன்றாக ஏறிவிட்டதே, இனி எதற்கு" என்று அந்தத் தேதியைத் தவறவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தப்பு.

முதல் ஆறு வாரம்: ஒரு சாண் உலகம்

பிறந்த குழந்தைக்குக் கண் தெரியாது என்று சிலர் சொல்வார்கள். தெரியும், மங்கலாக. சராசரியாக 6/120 முதல் 6/240 வரை என்று சொல்லலாம். நீங்கள் 120 மீட்டருக்கு அப்பால் நின்றே அடையாளம் காணும் ஒன்றை, குழந்தை 6 மீட்டர் பக்கத்தில் வந்தால்தான் காண முடியும் என்று இதற்குப் பொருள். கண்ணில் குறை என்று இல்லை, இன்னும் கட்டி முடிக்கவில்லை, அவ்வளவுதான். பெரியவர்களின் கண் முன்னிருந்து பின்னாக 24 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பிறந்த குழந்தைக்கு அது 17 மில்லிமீட்டரை ஒட்டித்தான். கூர்மையான பார்வைக்கென்று விழித்திரையின் நடுவில் ஒரு புள்ளி இருக்கிறது. பெரியவர்களுக்கு அங்கே ஒளியுணரும் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். குழந்தைக்கு அவை குட்டையாக, இடைவெளி விட்டு நிற்கின்றன. மையம் தேடி அவை நெருங்கி வர வருடக்கணக்கில் ஆகும்.

குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில். ஒரு சாணும் கொஞ்சமும். மடியில் போட்டுப் பால் கொடுக்கும்போது குழந்தையின் கண்ணுக்கும் நம் முகத்துக்கும் இருக்கும் தூரம் ஏறக்குறைய அதேதான்.

அந்தத் தூரத்தில் அது என்ன பார்க்கிறது? ஓரங்களை. வெளுப்பும் கறுப்பும் சந்திக்கும் இடங்களை. நம் முகத்தில் அப்படி அழுத்தமான கோடு நெற்றிக்கு மேலே முடி தொடங்கும் இடம். அதனால் ஒரு மாதக் குழந்தை உங்கள் கண்ணைப் பார்க்காமல் முடியோரத்தையோ தாடையின் விளிம்பையோ பார்த்துக்கொண்டிருந்தால் அது சரியாகத்தான் செய்கிறது. 1995ல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து நான்கு நாளான குழந்தைகள் தாயின் முகத்தை வேறொரு பெண்ணின் முகத்தைவிட அதிக நேரம் பார்த்தன. இருவரும் தலையில் துணி கட்டி முடியை மறைத்துக்கொண்டதும் அந்த வேறுபாடு போய்விட்டது. தலை குளித்துவிட்டுத் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தால் குழந்தை யாரோ போல் பார்ப்பதற்கும் இது காரணமாக இருக்கலாம்.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். குழந்தையிடம் எழுத்தைக் காட்டிப் படிக்கச் சொல்ல முடியாதே. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் ஓஹையோவில் ராபர்ட் ஃபான்ட்ஸ் என்ற உளவியலாளர் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தார். குழந்தையைப் பெட்டி போன்ற ஒன்றில் மல்லாக்கப் படுக்க வைத்து, மேலே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு படங்களைத் தொங்கவிட்டார். நடுவில் ஒரு சிறு துளை. அதன் வழியாகக் குழந்தையின் கண்ணைப் பார்த்தால், கருமணிக்கு மேல் எந்தப் படத்தின் பிம்பம் விழுகிறது என்று தெரியும். குழந்தைகள் வெற்றுத் தாளைவிடக் கோடு போட்ட தாளையும், முகம் போன்ற படத்தையும் அதிகம் பார்த்தன. கோடுகளை மெலிதாக்கிக்கொண்டே போய், எந்த அளவில் வெற்றுத் தாளுக்கும் கோட்டுத் தாளுக்கும் வித்தியாசம் காட்டாமல் போகிறதோ அதை வைத்துப் பார்வையை அளக்கலாம். இன்றும் கண்மருத்துவமனைகளில் குழந்தைகளுக்குக் காட்டும் கோட்டு அட்டைகள் இந்த யோசனையிலிருந்து வந்தவைதான்.

சரி, இந்த ஆறு வாரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

பால் குடித்து முடித்து, அழுகையும் தூக்கமும் இல்லாமல் அமைதியாக இருக்கும் சில நிமிடங்களைப் பிடியுங்கள். வெளிச்சம் அதிகமானால் குழந்தை கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும், அதனால் விளக்கைக் கொஞ்சம் தணித்துக்கொள்ளுங்கள். படுத்தபடி கண் திறக்காத குழந்தையைத் தலையைத் தாங்கி நிமிர்த்திப் பிடித்தால் பல நேரம் கண் தானாகத் திறக்கும். முகத்தை ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய் அசையாமல் இருங்கள். முக்கியமாக, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதீர்கள். பின்னால் வெளிச்சம் இருந்தால் உங்கள் முகம் குழந்தைக்கு வெறும் கறுப்பு வட்டம். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுகிற மாதிரி திரும்பி உட்கார்ந்தால் கண்ணும் வாயும் புருவமும் அதற்குக் கிடைக்கும். நான் மூன்று வாரம் தவறான பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

புட்டிப்பால் கொடுப்பவர்கள் எப்போதும் ஒரே கையில் வைத்துக் கொடுக்காமல் கையை மாற்றி மாற்றிக் கொடுங்கள். தாய்ப்பாலில் இது தானாகவே நடந்துவிடும். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கப் பழகட்டும்.

இந்தக் கட்டத்தில் பயப்படத் தேவையில்லாதவை சில. கண் அவ்வப்போது ஒன்றுக்கொன்று விலகும், அல்லது மூக்கை நோக்கி வரும். இமைப்பது மிகவும் குறைவு: நாம் நிமிடத்துக்குப் பதினைந்து முறை இமைத்தால் குழந்தை இரண்டு மூன்று முறைகூட இமைக்காது. அழும்போது கண்ணீர் வராது, அது ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் வரும். பிரசவத்தின் அழுத்தத்தால் வெள்ளைவிழியில் ரத்தத் திட்டு இருந்தால் ஓரிரு வாரத்தில் கரைந்துவிடும்.

பீளை விஷயத்தில் மட்டும் கவனம். பிறந்த முதல் 28 நாளுக்குள் இமை வீங்கி, மஞ்சளாகவோ பச்சையாகவோ பீளை தள்ளினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பிரசவப் பாதையிலிருந்து வரும் சில கிருமிகள் ஓரிரு நாளிலேயே கருவிழியைத் துளைத்துவிடும். 1880களில் லைப்ஸிக் நகரத்தில் கார்ல் கிரேடே என்ற மகப்பேறு மருத்துவர் பிறந்தவுடன் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விடும் பழக்கத்தைக் கொண்டுவரும்வரை, இது குழந்தைகளின் பார்வையைப் பறித்த பெரிய காரணங்களில் ஒன்று.

வீக்கமோ சிவப்போ இல்லாமல் ஒரு கண் மட்டும் சதா ஈரமாக இருப்பது வேறு. கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் குழாயின் கடைசியில் மெல்லிய சவ்வு ஒன்று திறக்காமல் இருக்கும். பெரும்பாலும் முதல் பிறந்தநாளுக்குள் தானாகத் திறந்துவிடும். கண்ணின் உள்மூலையில் விரலால் அழுத்திக் கீழ்நோக்கித் தடவச் சொல்வார்கள். அதை மருத்துவர் ஒருமுறை செய்து காட்டிய பிறகு செய்யுங்கள். தாய்ப்பால் உட்பட எதையும் நீங்களாகக் கண்ணுக்குள் விட வேண்டாம்.

ஆறாவது வாரம் முதல் மூன்றாவது மாதம்: முகம் பார்க்கும் நாள்

இரண்டாவது மாதத்தில் பார்வை முடியோரத்திலிருந்து இறங்கி உள்ளே வருகிறது. முகத்தின் விளிம்பில் சுற்றிக்கொண்டிருந்த குழந்தை கண்ணுக்குக் கண் பார்க்கும். பார்த்துச் சிரிக்கும். தூக்கத்தில் உதடு கோணும் சிரிப்பு வேறு, இது வேறு. ஒருமுறை பார்த்துவிட்டால் உங்களுக்கே வித்தியாசம் தெரியும். முதல் பத்தியில் சொன்ன கேள்விக்கு இனி "ஆச்சு" என்று சொல்லலாம்.

இதோடு ஒரு விசித்திரமும் வரும். குழந்தை எதையாவது பார்க்கத் தொடங்கினால் அதிலிருந்து கண்ணை எடுக்காது. மின்விசிறியை, திரைச்சீலையின் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் அழும். பிடிவாதம் என்று தோன்றும். உண்மையில் அதற்குக் கண்ணை எடுக்கத் தெரியவில்லை. ஒன்றில் நிலைக்கும் திறமை முதலில் வந்துவிடுகிறது, அதிலிருந்து விடுபடும் திறமை சில வாரம் கழித்துத்தான் வருகிறது. அப்படி மாட்டிக்கொண்டு அழும் குழந்தையை மெதுவாக வேறு பக்கம் திருப்பிவிட்டால் போதும்.

நிறமும் இந்தக் காலத்தில்தான் வந்து சேர்கிறது. பிறந்த குழந்தைக்கு உலகம் கறுப்பு வெள்ளை என்பது முழு உண்மை இல்லை. பெரிய, அழுத்தமான சிவப்பைப் பிறந்த சில நாளிலேயே பிரித்துவிடும். பச்சை அடுத்து, நீலமும் மஞ்சளும் அதற்கடுத்து. நான்காவது மாதத்தில் எல்லா நிறமும் தெரியும், மிக வெளிறிய சாயல்கள் தவிர.

இப்போது வீட்டில் செய்ய ஒரு சோதனை சொல்கிறேன். குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். முகத்தை ஒரு சாண் தூரத்தில் கொண்டுவந்து, அது உங்களைப் பார்க்கும்வரை காத்திருங்கள். பிறகு வாயைத் திறக்காமல் தலையை மெல்ல ஒரு பக்கம் நகர்த்துங்கள். குழந்தையின் கண் தொடர்ந்து வர வேண்டும். அப்புறம் மறுபக்கம். பேசாமல் செய்ய வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். "செல்லம், இங்கே பார்" என்று கூப்பிட்டால் அது குரலைத் தேடித் திரும்பும், நீங்கள் கண்ணைச் சோதித்ததாக நினைத்துக் காதைச் சோதித்திருப்பீர்கள். கிலுகிலுப்பையும் அதே காரணத்துக்காக வேண்டாம். ஆறேழு வாரத்தில் கண் விட்டுவிட்டு, தாவித் தாவி வரும். மூன்றாவது மாதத்தில் வழுக்கிக்கொண்டு வரும்.

ஒருநாள் வரவில்லை என்றால் ஒன்றும் இல்லை. பசியோ தூக்கமோ இருக்கும். வேறு வேறு நேரங்களில் பத்து முறை முயன்றும் மூன்று மாதக் குழந்தை கண்ணோடு கண் பார்க்கவில்லை, முகத்தைத் தொடரவில்லை என்றால் காட்டுங்கள். பார்வை மெதுவாக விழித்துக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு, ஆறாவது மாதத்துக்குள் மற்றவர்களை எட்டிவிடுவார்கள். ஆனால் உங்கள் குழந்தை அந்த ரகமா என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். "எங்க வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் லேட்தான்" என்று பெரியவர்கள் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கண் இரண்டும் ஊசலாடுவது போலச் சதா ஆடிக்கொண்டிருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

நான்கு முதல் ஆறு மாதம்: இரண்டு கண்ணும் ஒன்றாகும் காலம்

என்னைக் கேட்டால் முதல் வருடத்தில் ஆச்சரியமான கட்டம் இதுதான். அதுவரை இரண்டு கண்ணும் ஆளுக்கொரு படத்தை மூளைக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. சராசரியாக நான்காவது மாதத்தில் மூளை இரண்டையும் ஒன்றாகக் கோக்கத் தொடங்குகிறது. இரண்டு படத்துக்கும் இடையே உள்ள சிறு வித்தியாசத்திலிருந்து ஆழம் பிறக்கிறது. இது படிப்படியாக ஊர்ந்து வருவதில்லை, சில வாரத்துக்குள் இல்லாத இடத்திலிருந்து ஏறக்குறைய முழுதாக வந்துவிடுகிறது. குழந்தை தன் கையையே முகத்துக்கு முன் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும், உங்கள் மூக்குக் கண்ணாடியைக் குறி தவறாமல் பறிப்பதும் இந்தச் சமயத்தில்தான்.

ஆழம் கிடைக்க இரண்டு கண்ணும் ஒரே இடத்தை நோக்க வேண்டும். அதனால்தான் நான்கு மாதத்துக்கு மேல் கண் விலகினால், எப்போதாவது விலகினாலும்கூட, காட்ட வேண்டும் என்கிறோம். ஒரு கண் எப்போதுமே ஒரே பக்கம் ஒதுங்கி நின்றால் நான்கு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம், எந்த வயதிலும் காட்டலாம்.

மாறுகண்ணா, அப்படித் தோன்றுகிறதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். பல குழந்தைகளுக்கு மூக்கின் மேல்பகுதி தட்டையாக, அகலமாக இருக்கும். தோல் மடிப்பு உள்பக்க வெள்ளைவிழியை மூடிக்கொள்வதால் கண் உள்ளே திரும்பியது போலத் தெரியும். முகம் வளர வளர இது மறைந்துவிடும். செய்ய வேண்டியது இதுதான்: குழந்தை நேராக உங்களைப் பார்க்கும்போது போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணிலும் ஊசிமுனை அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். இரண்டு கண்ணிலும் அந்தப் புள்ளி கருமணியில் ஒரே இடத்தில் இருந்தால் கண் நேராகத்தான் இருக்கிறது. ஒன்றில் நடுவிலும் மற்றதில் ஓரத்திலும் இருந்தால் அந்தப் படத்தையே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். இப்படிச் சில படம் எடுப்பதால் கண்ணுக்குக் கெடுதல் இல்லை.

இன்னொன்று, ஆறு மாதத்தை ஒட்டிச் செய்து பார்க்கலாம். குழந்தை எதையாவது ஆர்வமாகப் பார்க்கும்போது ஒரு கண்ணை உங்கள் உள்ளங்கையால், தொடாமல், மறையுங்கள். கொஞ்சம் கழித்து மற்றதை. இரண்டுக்கும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் நல்லது. ஒரு கண்ணை மறைத்தால் பேசாமல் இருந்து, மற்றதை மறைத்தால் மட்டும் தலையை ஆட்டிக் கையைத் தள்ளி அழுதால், நீங்கள் மறைத்தது அது நம்பியிருக்கும் கண். மற்றதில் பார்வை குறைவாக இருக்கலாம்.

ஒரு கண்தானே, மற்றது நன்றாக இருக்கிறதே, வளர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது ஏன் தப்பு? 1960களில் டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவர் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை முதல் சில மாதம் மூடி வைத்துப் பிறகு திறந்தார்கள். கண் நன்றாகவே இருந்தது, ஆனால் மூளை அதைக் கைவிட்டிருந்தது. அந்தக் கண்ணுக்கு உரிய இடத்தையெல்லாம் மற்றது எடுத்துக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனையிடம் அதையே செய்தால் ஒன்றும் ஆகவில்லை. இந்த ஆராய்ச்சிகளுக்காக இருவரும் 1981ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். குழந்தைகளுக்கும் இதுதான் நடக்கிறது. ஒரு கண் விலகியிருந்தாலோ, ஒன்றில் மட்டும் பவர் அதிகமாக இருந்தாலோ, மூளை அதை ஒதுக்கிவிடும். சோம்பேறிக் கண் என்கிறார்கள். சிறுவயதில் கண்ணாடி போட்டோ, நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மறைத்தோ மீட்டுவிடலாம். பெரியவரான பிறகு மிகவும் கஷ்டம்.

ஆறு மாதத்துக்கு மேல்

இனி வேகம் கூடும். ஆறு மாதத்தில் பார்வை ஏறக்குறைய 6/30 வரை வந்திருக்கும், ஒரு வயதில் 6/15 முதல் 6/18 வரை. பெரியவர்கள் அளவை எட்ட மூன்று முதல் ஐந்து வயது ஆகும். நடைமுறையில் உங்களுக்குத் தெரிவது வேறு: தரையில் கிடக்கும் ஒற்றை முடியை எட்டு மாதக் குழந்தை பார்த்து, இரு விரலால் எடுக்க முயலும். எடுத்தது வாய்க்குப் போகும். தொட்டிலுக்கு மேல் தொங்கும் பொம்மைகளை, குழந்தை கையை ஊன்றி எழும்பத் தொடங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். கயிறு ஆபத்து.

தவழும் குழந்தைக்குப் பள்ளம் தெரியுமா? 1960ல் எலினார் கிப்ஸன், ரிச்சர்ட் வாக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு மேசை செய்தார்கள். பாதியில் கண்ணாடிக்கு அடியிலேயே கட்டம் போட்ட துணி, மறுபாதியில் அதே துணி தரையில் கிடக்கும். பார்த்தால் பள்ளம், தொட்டால் கண்ணாடி. ஆறு முதல் பதினான்கு மாதம்வரையிலான 36 குழந்தைகளில் இடத்தைவிட்டு நகர்ந்தவை 27. அந்தப் பள்ளத்தின் மேல் தவழ்ந்தவை மூன்றே மூன்று. 1985ல் வேறு சிலர், பள்ளத்தின் ஆழத்தைக் குறைத்து, எதிர்ப்பக்கம் தாயை நிற்க வைத்துச் செய்தார்கள். தாய் சிரித்தபோது ஒரு வயதுக் குழந்தைகளில் 19க்கு 14 கடந்து வந்தன. தாய் பயந்த முகம் காட்டியபோது 17ல் ஒன்றுகூட வரவில்லை. முதல் மாதம் முடியோரத்தை மட்டும் பார்த்த குழந்தை இப்போது உங்கள் முகத்தைப் படித்து முடிவெடுக்கிறது! ஆனால் இதை நம்பிக் கட்டிலில் தனியாக விட்டுவிடாதீர்கள். பள்ளம் தெரிந்தாலும் பின்பக்கமாக நகர்ந்து விழும்.

இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது

கருமணி வெள்ளையாகத் தெரிவது இதில் முதல். ஃபிளாஷ் படத்தில் கருமணி சிவப்பாக வருவதைப் பார்த்திருப்பீர்கள், அது ஆரோக்கியமான விழித்திரையிலிருந்து திரும்பும் வெளிச்சம். ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவோ மஞ்சளாகவோ வந்தால் கவனியுங்கள். குழந்தை பக்கவாட்டில் பார்க்கும்போது எடுத்த ஒரு படத்தில் மட்டும் வந்தால், பார்வை நரம்பு புறப்படும் இடத்தில் வெளிச்சம் பட்டிருக்கலாம். இருந்தாலும் அதை நீங்கள் வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டாம், காட்டிவிடுங்கள். வெள்ளைக்குக் காரணம் பிறவிக் கண்புரையாக இருக்கலாம். அதற்கு முதல் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் அறுவை செய்தால்தான் மூளை பார்க்கக் கற்கும். அரிதாக விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் வருவது. சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரையும், பல நேரம் கண்ணையும் காப்பாற்ற முடியும். பிறந்ததும் மருத்துவர் சிறு விளக்கால் கண்ணுக்குள் பார்ப்பது இந்தச் சிவப்பைத் தேடித்தான். உங்கள் குழந்தைக்கு அது நடந்ததா என்று கேளுங்கள்.

அடுத்தது, அளவுக்கு மீறிப் பெரிய கண். எல்லோரும் "என்ன பெரிய கண்ணு!" என்று கொஞ்சுவார்கள். பெரிய கண்ணோடு வெளிச்சத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்புவது, நீர் வழிவது, கருவிழி பனி படர்ந்தது போல மங்குவது இவையும் சேர்ந்தால், அது பிறவியிலேயே வரும் கண் அழுத்த நோயாக இருக்கலாம். குழந்தையின் கண்சுவர் இளகியது என்பதால் அழுத்தம் ஏறினால் கண்ணே பெரிதாகிறது. இதற்கு அறுவைதான் வழி, அதுவும் உடனே.

இமை தொங்கிக் கருமணியை மூடுவதையும், குடும்பத்தில் யாருக்காவது சிறுவயதிலேயே கண்புரையோ விழித்திரைப் புற்றுநோயோ இருந்ததையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

வாங்க வேண்டியவை, வாங்க வேண்டாதவை

கறுப்பு வெள்ளை அட்டைகளைக் குழந்தைகள் விரும்பிப் பார்க்கும், உண்மைதான். ஆனால் அவற்றைக் காட்டினால் பார்வையும் அறிவும் வேகமாக வளரும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். வெள்ளைத் தாளில் தடித்த கறுப்புக் கோடு நீங்களே போடலாம். அதைவிட உங்கள் முகம் மேல், ஏனென்றால் அது பதிலுக்குச் சிரிக்கும்.

ஒரு வயதுக்குள் திரை வேண்டாம் என்று 2019ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. வெளியூரில் இருக்கும் தாத்தா பாட்டியோடு வீடியோவில் பேசுவதை மட்டும் மருத்துவர்கள் பொதுவாகத் தடுப்பதில்லை. இரவு விளக்கு எரிந்தால் கிட்டப்பார்வை வரும் என்று 1999ல் ஓர் ஆய்வு கிளப்பிய பயம் இன்றும் சுற்றுகிறது. அடுத்த ஆண்டே வந்த ஆய்வுகளில் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. கிட்டப்பார்வை உள்ள பெற்றோர்தான் இரவு விளக்கை அதிகம் எரியவிடுகிறார்கள் என்பது அப்போது தெரிந்தது. ராத்திரி பால் கொடுக்க விளக்கு வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள்.

கண்மருத்துவரிடம் போகும்போது

குழந்தை தூங்கி எழுந்து பால் குடித்த பிறகான நேரத்தை வாங்குங்கள், தூக்கக் கலக்கத்தில் எதுவும் நடக்காது. சந்தேகம் எழுப்பிய படங்களையும், கண் விலகும்போது எடுத்த வீடியோவையும் போனில் தனியாக எடுத்து வையுங்கள். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் கண் சமர்த்தாக நேராக நிற்கும், இது எல்லோருக்கும் நடப்பதுதான். பிரசவத் தேதி, பிறந்த எடை, குடும்பத்தில் யார் யார் சிறுவயதில் கண்ணாடி போட்டார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கருமணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். எரியும், அழும். அதன் பிறகு விளக்கை அசைத்து, லென்ஸ்களை மாற்றி மாற்றிப் பிடித்துப் பவரை அளந்துவிடுவார்கள், குழந்தை ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை. கண்ணாடி வேண்டும் என்றால் நான்கு மாதக் குழந்தைக்கும் கண்ணாடி உண்டு, பின்னால் பட்டை வைத்துக் கட்டுவார்கள்.

சொட்டு மருந்தின் வேகம் சில மணி நேரம், சில மருந்துகளில் ஓரிரு நாள்கூட இருக்கும். அதுவரை வெளிச்சம் கூசும். வீடு திரும்பும்போது நிழலாகப் பிடிக்க ஒரு குடையோ, அகலமான விளிம்புள்ள தொப்பியோ பையில் இருக்கட்டும்.